மூன்றாம் பக்கத்து வெண்பா

ஞானாம்பிகை இறந்து முப்பது நாளும் ஐந்து மணித்தியாலமும் ஆகியிருந்தன. அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்து ஐயர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். உரும்பிராய் வீட்டு முற்றத்துப் பந்தலில் சனம் கல்வெட்டு வாசிப்புக்காகக் காத்திருந்தது. அது முடிந்தால்தான் சாப்பாடு.

இறந்தவரின் வாழ்க்கையைப் பாட்டாக எழுதி, அச்சடித்து, முப்பத்தோராம் நாள் கல்வெட்டு என்று ஊருக்குக் கொடுப்பது வழக்கம். போர்த்தடையால் அச்சுத்தாள் யாழ்ப்பாணத்துக்கு வராத தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு அது. கோடு போட்ட கொப்பித் தாளில் நாலு பக்கம் அடித்திருந்தார்கள். மகள் குணலட்சுமி அடுப்படியில் நின்று அதை அப்போதுதான் முதன்முதலாகப் படித்தாள்.

'பொறுமையில் பூமி' என்றிருந்தது. அம்மா வேலிக்கு மேலால் ஏசினால் அயல் வீட்டு ஆடுகூடத் திரும்பிப் போகும். புருசன் செத்த பிறகு வெங்காயத் தோட்டத்தைத் தனியே செய்து இரண்டு பிள்ளைகளையும் படிப்பித்தவள். "எனக்கு இன்னும் இருபது வருசம் கிடக்கு" என்று அறுபத்து மூன்று வயதில் கிணற்றடியில் புதிதாகப் பாகற்பந்தல் போட்டவள்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு வெண்பா. தன் நீரிழிவு மருந்தைச் சம்பந்தி சீவரத்தினத்துக்கு, மகனின் மாமனாருக்கு, மனமுவந்து ஈந்து, தான் உயிர் நீத்த தாய் என்றது அது. குணலட்சுமிக்குக் காது சுட்டது.

அண்ணன் தியாகராசா வாழையிலைக் கட்டை எடுக்க உள்ளே வந்தான்.

"அண்ணை, உந்த வெண்பா ஆர் சொல்லி எழுதினது?"

"வாத்தியார் எழுதினவர்."

"வாத்தியாருக்கு ஆர் சொன்னது?"

"மெல்லக் கதை. மாமா முன்வரிசையிலை இருக்கிறார்."

"பொய்யெண்டு உங்களுக்குத் தெரியும்."

"மருந்துக் கப்பல் ரண்டு நாளிலை வருமெண்டுதானே எல்லாரும் சொன்னவை."

"வந்தது ஒன்பதாம் நாள்."

"அதுக்கு நான் என்ன செய்ய? அந்த மனிசன் உந்தக் கதையை நம்பித்தான் சோறு தின்னுது. அம்மாவுக்கும் மரியாதைதானே. ஊரிலை எந்தத் தாய்க்கு உப்பிடி ஒரு பாட்டுக் கிடைச்சது?"

"அம்மா பாட்டுக் கேக்கேல்லை."

"இப்ப வாய் திறக்கிறாய். முப்பது நாளும் எங்கை போனது உன்ரை வாய்? கம்பசிலையும் கேள்வி கேட்டால் நிலத்தைத்தானே பாக்கிறனி." இலைக்கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

அவன் சொன்னதில் உண்மை இருந்தது. அதுதான் இன்னும் எரிந்தது. அம்மாவுக்குக் காலையும் மாலையும் ஊசி போட்டவள் அவள். கரண்ட் இல்லாத வீட்டில் மருந்துப் போத்தல்களை குளிர்ச்சிக்காக ஈரமணல் நிறைத்த மண்முட்டிக்குள் புதைத்து வைத்தவளும் அவள். கடைசி நாலு நாளும் ஊசி இல்லை. அம்மாவின் மூச்சில் ஒரு மணம் வந்தது. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் அசெற்றோன் போத்தலைத் திறந்தால் வரும் மணம். இன்சுலின் இல்லாத உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு படியாக அவளுக்குத் தெரியும். ஒருவருக்கும் அவள் சொல்லவில்லை.

வெளியே வாத்தியார் ராகம் இழுத்து வாசித்தார். மூன்றாம் பக்கம் வந்தபோது பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். "மனிசியில்லை, தெய்வம்" என்றாள் ஒருத்தி. குணலட்சுமி கதவு நிலையை இறுகப் பிடித்தாள். ஏசத் தெரிந்த, வாழ ஆசைப்பட்ட ஒரு மனுசியைத் தெய்வமாக்கி வாயை அடைத்துவிட்டார்கள்.

வாசிப்பு முடிந்ததும் சீவரத்தினம் பொல்லை ஊன்றி எழுந்தார். கொடிகாமத்திலிருந்து மாட்டுவண்டிலில் வந்தவர். நேரே அவளிடம் வந்தார்.

"பிள்ளை, நீதானே அம்மாவுக்குப் பக்கத்திலை நிண்டனி. எனக்கெண்டு மருந்தை எடுத்துக் குடுக்கேக்கை என்ன சொன்னவ? ஒரு சொல்லெண்டாலும் சொல்லு. மிச்சக் காலத்துக்கு அது போதும் எனக்கு."

பந்தலின் மறுகரையில் சாம்பார் வாளியோடு தியாகராசா நின்றுவிட்டான்.

"மாமா, சோறு ஆறுது. வந்து இருங்கோ. உவள் கூச்சக்காரி, கதைக்கமாட்டாள்."

"கதைப்பன்" என்றாள் குணலட்சுமி. பந்தல் முழுவதும் அவளைப் பார்த்தது.

"அம்மா குடுக்கேல்லை, மாமா. அவ நித்திரையாக் கிடக்கேக்கை அண்ணைதான் ரண்டு போத்தலையும் எடுத்துக்கொண்டு உங்களிட்டை வந்தவர். அம்மா நாலு நாளும் தன்ரை ஊசியைக் கேட்டவ."