கண்டக்டருக்கு இரண்டு யூனிட்

செத்துப்போய் ஏழு மாதம் ஆன பஸ் டிரைவர், பூனை வீட்டுக்கு வந்த நான்காம் நாள் காலை தன் நாற்காலியில் திரும்ப வந்து உட்கார்ந்தார். முழுக்க எறும்புகளாக வந்தார். மீசைக்கும் முடிக்கும் கறுப்பு எறும்பு, மற்றதற்கெல்லாம் சிவப்பு. இரண்டு கைகளும் ஸ்டியரிங்கைப் பிடித்த வாக்கில் முன்னால் நீண்டிருந்தன. அவ்வப்போது இடது கை கியர் மாற்றியது. பழைய துணிகளைப் பிரித்துத் தைத்துக் கொடுக்கும் அவர் மனைவி, தெருவுக்கெல்லாம் தையல்காரம்மா, வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு, "வர்றேன்னு தெரிஞ்சிருந்தா நாற்காலியைத் துடைச்சு வச்சிருப்பேனே" என்றார்.

எறும்பு அந்த வீட்டுக்குப் புதிதல்ல. பதினோரு வருடத்துக்கு முன் டிரைவருக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொல்வதற்கு முன்பே குளியலறை வாசலில் வரிசை கட்டிச் சொன்னவை அவைதான். அன்றிலிருந்து காலை ஏழு, மாலை ஏழு என்று தையல்காரம்மாவே இன்சுலின் ஊசி போட்டார். ஒரு வேளை தவறியதில்லை. ஆனாலும் முதலில் கண், பிறகு கால், பிறகு சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் போய்க் கடைசியில் ஆளும் போனார். அதன் பிறகும் ஏழு மணியானால் அம்மாவின் கட்டைவிரல் தானாக மடங்கி, இல்லாத ஊசியை அழுத்தியது. அந்த நேரத்தில் தைத்த சட்டைகளிலெல்லாம் ஒரு தையல் கோணியது. விலங்கு மருத்துவமனையில் சர்க்கரை வந்த ஒரு சாம்பல் பூனையை மூன்று வீட்டார் எடுத்துப்போய், ஆயுள் முழுக்க ஊசி என்றதும் மூன்று பேருமே திருப்பிக் கொண்டுவந்து விட்டதாகக் கேள்விப்பட்டுத்தான் அங்கே போனார். "யோசிச்சுக்குங்கம்மா. ரெண்டு வேளை, ரெண்டு ரெண்டு யூனிட். கல்யாணம் காட்சின்னு எங்கயும் போக முடியாது" என்று எச்சரித்தார் அங்கிருந்த டாக்டர், ஓர் இளம்பெண். "பதினோரு வருஷமா எந்தக் கல்யாணத்துக்குப் போனேன்?" என்று அம்மா பூனையைக் கூடையில் வைத்தார். நடைபாதையில் நின்றுகொண்டு வருகிற போகிற எல்லோரையும் முறைத்ததால் அதற்குக் கண்டக்டர் என்று பெயர் வந்தது. அது ஒன்றுக்குப் போகும் மண்தட்டுக்கு வந்த எறும்புகள் பழைய ஞாபகத்தில் டிரைவரையும் கூட்டிவந்துவிட்டன என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

டிரைவரின் தங்கை தினமும் வந்து அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்து அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். மூன்றாம் வாரம் பூனைக்கு மருந்து பிடிக்க ஆரம்பித்தது, மண்தட்டில் எறும்பு குறைந்தது. டிரைவருக்குப் பாதம் வரவில்லை. மறுவாரம் முழங்கால் வரை இல்லை.

"அண்ணி, ஒரு யூனிட் குறைச்சாத்தான் என்ன?" என்றாள் தங்கை. "பேருதான் கண்டக்டர், அது என்ன வேலைக்கா போகப்போகுது?"

 அன்று மாலை ஏழு மணிக்கு, அத்தனை வருடத்தில் முதல் தடவையாக, அம்மாவின் கட்டைவிரல் பாதியில் நின்றது.

பத்தே நாளில் பாதங்கள் வந்தன, விரல் நகம் வரைக்கும். முகம் தையல் இயந்திரத்தின் பக்கம் திரும்பியது. அம்மா தைத்துக்கொண்டே பேசினார். நாற்பது நாள் அந்த வீட்டில் சிரிப்புக்கூடக் கேட்டது. நாற்பத்தோராம் நாள் கண்டக்டரால் ஜன்னலில் ஏற முடியவில்லை. பின்னங்கால்களைக் குதிகாலோடு தரையில் தேய்த்துக்கொண்டு, சுவர் ஓரமாகவே நடந்து தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போனது. டிரைவர் கடைசி வருடம் அப்படித்தான் சுவரைப் பிடித்து நடந்தார். "இன்னிக்கு ஒரு நாள் விட்டுடேன்டி, வலிக்குது" என்று அவர் கெஞ்சியபோதெல்லாம், "பேசாம கையைக் காட்டுங்க" என்று அதட்டிய வாய் அது. அம்மா கிண்ணத்தின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, இரண்டு யூனிட் முழுசாக ஏற்றினார்.

"என் அண்ணனை ரெண்டாந்தடவை அனுப்புறீங்க" என்று தங்கை கத்தினாள்.

"மொதத் தடவை அவருகூட மல்லுக்கட்டித்தான் ஊசி போட்டேன், அப்பவும் மனுஷன் நிக்கலை. இந்தப் பூனை நிக்கும். அதை அவரே பார்த்துட்டுப் போகட்டும்."

டிரைவர் அவசரப்படாமல், கீழிருந்து மேலாகப் போனார். கடைசியாகக் கைகள் மட்டும் மிச்சமிருந்தன. ஒரு செவ்வாய்க்கிழமை காலை இடது கை கியரை நியூட்ரலில் போட்டது. பிறகு அதுவும் வரவில்லை. அன்றைக்குத் தைத்த எல்லாத் தையலும் கோணல்.

பூனையின் கால் சரியாவதற்கு நான்கு மாதம் ஆனது. ஆறு வருடம் இருந்தது. இடையிடையே சர்க்கரை கொஞ்சம் ஏறும். அப்போது நாற்காலியில் ஏதாவது ஒன்று வரும், ஒரு முழங்கை, இல்லாவிட்டால் ஒரு தோள். அம்மா மருத்துவமனைக்குப் போன் செய்வார். "இன்னிக்குக் காது மட்டும் வந்திருக்கு டாக்டர்." "ஒண்ணா, ரெண்டா?" "ஒண்ணுதான்." "அப்ப கால் யூனிட் கூட்டிப் போடுங்க, போதும்" என்று சொல்லி டாக்டர் அதையும் பூனையின் அட்டையில் எழுதிக்கொள்வார். ஏழு மணிக்கு இன்னும் நேரமிருந்தால், அம்மா முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தக் காது கலைவதற்குள் தெருச் சேதி அத்தனையையும் அதில் சொல்லி முடிப்பார்.