ஓட்டுக்கு மேலிருந்த பற்கள்

மருமகள் யுவராணியை அவள் பிறந்த ஊரான தேவாரத்துக்கே திருப்பி அனுப்புவதென்று நல்லகண்ணு முடிவெடுத்துவிட்டார். அவளை அழைத்துப்போக அண்ணன் முத்துவீரன் வந்து முற்றத்தில் உட்கார்ந்திருந்தான்.

"பேத்தி பல்லப் பாத்தியாப்பா? கருப்பட்டிப் பாகு கணக்கா, தேஞ்சு போயி. எங்க வம்சத்துல இப்படி ஒரு பல்லு கெடையாது."

"தேனி டாக்டரு என்ன சொன்னாக மாமா?"

"தேவாரத்துத் தண்ணியாம்."

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. பல்லின் உள்ளே எனாமலைத் தாங்கும் டென்டின் சரியாக உருவாகவில்லை, மரபணுவில் பிழை, தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வந்திருக்கும், பிள்ளைக்குப் பிள்ளை பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார். "உங்க பக்கம் யாருக்காச்சும்?" என்று கேட்டபோது நல்லகண்ணு உதட்டை இறுக்கிக்கொண்டார். இருபது வயதிலிருந்து அவர் வாயில் இருப்பது கட்டுப்பல். மகன் விஜய்பாண்டிக்குக் கல்யாணத்துக்கு முன்பே மதுரையில் பல்லுக்கெல்லாம் உறை போட்டாயிற்று. பெண்வீட்டாரிடம் வண்டியிலிருந்து விழுந்து பல் உடைந்ததென்று சொன்னது.

டக்.

ஏதோ ஒன்று அவர் காலடியில் விழுந்தது. சின்னஞ்சிறு பல். ஓடு மாற்ற வந்தவர்கள் பாதிக் கூரையைப் பிரித்துவிட்டு, வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மேலே ஆளில்லை. காற்றுமில்லை.

டக். டக்.

விழுந்த பால்பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவது அந்த வீட்டில் தலைமுறை வழக்கம். எறிந்தவர்களோடு அந்தப் பற்களும் மறைந்துபோனதாகவே அவர் நினைத்திருந்தார்.

முத்துவீரன் ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்தான். பழுப்பும் நீலமுமாக, வெளிச்சம் அதற்குள் புகுந்து வெளியே வந்தது.

"எலி கொண்டாந்து போட்டிருக்கும்," என்றார் நல்லகண்ணு.

டக்.

பேத்தி ஓவியா குனிந்து பொறுக்கினாள். "எம்பல்லு மாதிரியே இருக்கு தாத்தா. எனக்குத்தான் இன்னும் ஒண்ணும் விழுகலையே. இது யாரு பல்லு?"

பையோடு நின்ற யுவராணி சொன்னாள்: "நான் இந்த வீட்டுக்கு வந்து எட்டு வருசந்தேன் மாமா ஆகுது. எம்பல்லு எல்லாம் தேவாரத்துக் கூரையில கெடக்கு."

ஐம்பது வருடம் முன்பு பிடுங்கிப்போட்ட பற்களின் இடமெல்லாம் அவருக்குக் கூசியது. யாரோ மேலே நின்று அவர் வாயையே பார்ப்பதுபோல் இருந்தது. அவர் விறைத்த முதுகு வளையாமல், இரண்டு விரலால் கட்டுப்பல்லைக் கழற்றி, முத்துவீரன் தண்ணீர் குடித்து வைத்த செம்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பைய உள்ள வையி, ஆத்தா. இது எங்க சீக்கு," என்றார். சொற்கள் குழறி வந்தன.

பல் விழும் சத்தம் நின்றது. ஓவியா மட்டும் பிரித்த கூரையை அண்ணாந்து பார்த்துப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அங்கன இன்னும் எத்தன பேரு இருக்காக தாத்தா?"