லெபாரியின் பனை

எங்கள் ஊரில் பிள்ளை பிறந்தால் தொப்புள்கொடியை நிலத்தில் புதைத்து, அதன்மேல் எண்ணெய்ப்பனைக் கன்று நடுவார்கள். அண்ணன் லெபாரியின் பனை எங்கள் மரவள்ளிக் கொல்லையில் நின்றது. படகு கவிழ்ந்து அவன் போனபோது உடல் கிடைக்கவில்லை. அதன்பின் அம்மா அந்தப் பனையிடம்தான் பேசுவாள்.

குழாய் உடைந்து கச்சா எண்ணெய் பரவிய வருடம் மரவள்ளி கருகியது. பனையும் பட்டுப்போனது. அதன் கடைசிக் குலையிலிருந்து ஒரு கன்றை முளைக்க வைத்து, பால்மாவு டின்னில் வளர்த்தாள் அம்மா. மண் சுத்தமானதும் அதே இடத்தில் நட வேண்டும்.

போர்ட் ஹார்கோர்ட் நகரத்திலிருந்து அதிகாரிகள் அளக்க வருகிறார்கள், எண்ணெயால் செத்த நிலத்தைப் படத்தில் சிவப்பாகக் குறிப்பார்கள், சிவப்பு இடங்களைத்தான் சுத்தம் செய்வார்கள் என்று செய்தி வந்தது. அம்மா கருகிய செடிகளையெல்லாம் பிடுங்கினாள். பனையை வெட்டிச் சாய்த்தாள். எல்லாவற்றையும் எரித்துவிட்டு, கொல்லையைப் பெருக்கினாள்.

பக்கத்துக் கொல்லை தும்லே சிரித்தாள். "லெபாரியம்மா, வர்றவங்க எண்ணெய் பாக்க வர்றாங்களா, மாப்பிள்ளை பாக்க வர்றாங்களா?" கருகிக் கிடந்த தன் கொல்லையை அவள் தொடவே இல்லை.

அளக்க வந்த டோன்யே சாம்பலைப் பார்த்து நின்றார். வெட்டி எரித்த நிலம் மேலிருந்து எடுத்த படத்தில் விவசாயத்துக்குத் திருத்திய நிலம் போலத்தான் தெரியும் என்றார். வெட்டுவதற்கு முன் எடுத்த பழைய படத்தில் எங்கள் கொல்லையை மேகம் மறைத்திருந்ததாம். மண்ணைக் கிளறி முகர்ந்தார். வாடை இருக்கிறது, ஆனால் மண் சோதனை சிவப்பு இடங்களுக்கு மட்டும்தான் என்றார்.

"ஏம்மா வெட்டினீங்க? பட்ட மரம் அப்படியே நின்னிருந்தா போதுமே."

"செத்தவன மூடாம விருந்தாளிக்குக் காட்டுவாங்களா, தம்பி?"

அவருக்குப் புரியவில்லை. பனையைப் பற்றி நான்தான் மெதுவாகச் சொன்னேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஆனாலும் தும்லேயின் கொல்லை சிவப்பானது, எங்களுடையது விவசாய நிலமென்று பழுப்பானது.

சாயங்காலம் தும்லே சிரிக்காமல் வந்தாள். "பனங்கன்ன என் பக்கம் நடுக்கா. சுத்தம் பண்றப்ப அவனுக்கும் சேத்துப் பண்ணட்டும்."

"அவன் கொடி இந்தப் பக்கம்ல இருக்கு."

அம்மா சாம்பலை விலக்கி, பழைய இடத்திலேயே கன்றை நட்டாள். மழைக்காலம் வருவதற்குள் அது நுனியிலிருந்து கறுத்து முழுதும் காய்ந்துவிட்டது.

இந்த முறை அம்மா அதை வெட்டவில்லை.