முப்பத்துநான்காம் பக்கத்து மெழுகுவர்த்தி

என் மனைவி குழந்தைகளுக்கு அறிவியல் புத்தகம் எழுதுகிறவள். ஒவ்வொரு புத்தகத்திலும் 'நீங்களே செய்து பாருங்கள்' என்று இருபது முப்பது சோதனைகள் இருக்கும். அச்சுக்குப் போகும் முன் அவற்றைச் செய்து பார்க்கிற ஆள் நான். பன்னிரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலையில், சமையலறை மேசையில், எனக்கு அதுதான் வேலை. மற்ற ஆறு நாளும் பேருந்துப் பணிமனையில் எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று அட்டவணை போடுகிறேன்.

இந்தப் பதவிக்கு என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என் அறிவியல் அறிவு. அதாவது, அது துளியும் இல்லாதது. முதலில் பக்கத்து வீட்டுக் குழந்தைகளை வைத்துத்தான் பார்த்தாள். சரிப்பட்டு வரவில்லை.

"குழந்தைங்க கெட்டிக்காரங்க. நான் எழுத மறந்ததைக்கூட அதுங்களே புரிஞ்சிக்கிட்டு செஞ்சிடுதுங்க. நீங்க ஒருத்தர்தான் எழுதினதை எழுதினபடி செய்வீங்க" என்றாள்.

இது பாராட்டா இல்லையா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது?

ஆனால் என்னால் விளைந்த நன்மைகளை யாரும் மறுக்க முடியாது. 'முட்டையைத் தண்ணீரில் போடவும்' என்று எழுதியிருந்தாள். நின்ற இடத்திலிருந்து போட்டேன். அன்று முதல் அவள் புத்தகங்களில் முட்டை 'மெதுவாக' இறங்குகிறது. 'இரண்டு கரண்டி உப்பு' என்று இருந்தது. கையில் அகப்பட்ட பெரிய கரண்டியால் இரண்டு அள்ளிக் கொட்டினேன். இப்போது எங்கும் தேக்கரண்டிதான். 'காந்தத்தை வீட்டிலுள்ள பொருட்களின் அருகே கொண்டு போய்ப் பாருங்கள்' என்றாள். என் மாமனார் ஆசையாக வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் ஒன்பதே காலோடு நின்றுபோனது. நாட்டில் எத்தனையோ கடிகாரங்கள் இன்று ஓடுவதற்கு நான்தான் காரணம்.

நான் செய்யும்போது அவள் எதிரில் உட்கார்ந்து வாய் திறக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். நான் எந்த வரியில் முழிக்கிறேனோ அந்த வரியின் கீழே பென்சிலால் ஒரு கோடு. வாரம் முழுவதும் அவளுக்கு எழுத்து, எனக்கு வண்டிகள். அவள் என்னை முழுசாக ஒரு மணி நேரம் பார்ப்பது அந்த ஒரு நாள்தான். அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் முழிக்கலாம்.

ஏழாவது புத்தகத்தில்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எலுமிச்சைச் சாற்றில் எழுதி, காயவைத்து, சூடு காட்டினால் எழுத்து தெரியும் என்று ஒரு சோதனை. அவள் தாளை நீட்டுவதற்குள், "பழுப்பா வருமே, அதானே? சாறு சீக்கிரம் கருகிடும், தாள் அப்புறம்தான் கருகும்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு விஷயம் தெரிஞ்சு போச்சு" என்றாள். ஏதோ நோய் கண்டுபிடித்துச் சொல்கிற டாக்டர் குரல்.

"ஏதோ ஒண்ணு ரெண்டுதான்..."

"போன வாரம் பலூனை ஊதும்போதே அது எந்தப் பக்கம் பறக்கும்னு சொன்னீங்க. அதுக்கு முந்தின வாரம், நான் எழுத விட்டதை நீங்களே நிரப்பிச் செஞ்சீங்க. இனிமே நீங்க சரிப்பட மாட்டீங்க."

அடுத்த ஞாயிறு என்னால் ஆன மட்டும் பழைய முட்டாளாக இருந்து பார்த்தேன். காந்தம் ஆணியை இழுத்ததும் "ஐயோ!" என்று நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன்.

"நடிக்காதீங்க. காந்தத்தைப் பார்த்து யாராவது பயப்படுவாங்களா?" என்றாள்.

அதோடு என் கதை முடிந்தது. என் இடத்துக்கு அவள் தம்பி வந்தான். சோபா விற்கிற கடையில் வேலை. எதையும் இரண்டாம் முறை படிக்க மாட்டான். முதல் முறையே பாதிதான் படிப்பான். உப்பு என்று இருந்தால் சர்க்கரை போடுவான். என் மனைவிக்கு வாயெல்லாம் பல். "பாருங்க, இந்தப் பழைய சோதனையில நாலாவது வரி சரியில்லைன்னு பன்னிரண்டு வருஷத்துல எனக்குத் தெரியவே இல்லை!" என்று என்னிடமே சொல்கிறாள். எனக்கு வயிறு எரிந்தது. வெளியே காட்டிக்கொள்ளாமல் ஃபிரிட்ஜ் மேல் சாய்ந்துகொண்டு, மேசையை விட்டு மூன்றடி தள்ளி நின்றேன். பேசக் கூடாது என்று உத்தரவு.

எட்டாவது புத்தகம் திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். முந்தின நாள் காலை மிச்சம் இருந்தது ஒரே ஒரு சோதனை, முப்பத்துநான்காம் பக்கம். ஒரு தட்டில் தண்ணீர். நடுவில் எரிகிற மெழுகுவர்த்தி. அதன் மேல் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் தீ அணையும், டம்ளருக்குள் தண்ணீர் ஏறும். மைத்துனன் அதிசயமாக எல்லாவற்றையும் சரியாகச் செய்தான். தண்ணீர் சர்ரென்று ஏறியது.

"சூப்பர் அக்கா! ஆக்சிஜன் தீந்துபோச்சு, அந்த இடத்துக்குத் தண்ணி வந்துடுச்சு. கரெக்டா?" என்று பக்கத்தைப் பார்த்துப் படித்துவிட்டு, போன் அடித்ததும் பால்கனிக்குப் போய்விட்டான்.

அவள் பக்கத்தின் ஓரத்தில் 'சரி' என்று குறித்தாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"இன்னொரு தடவை செய்யலாமா?" என்றேன்.

"எதுக்கு? சரியாத்தானே வந்துச்சு?"

"நேரம் ஒத்துவரலை."

அவள் புருவத்தை உயர்த்தினாள். எனக்கு வேறெப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "ஒரு வண்டி கிளம்பினாத்தானே அந்த இடத்துக்கு அடுத்த வண்டி வரும்? தீ எரியும்போதுதானே ஆக்சிஜன் போகுது? அப்போவே கொஞ்சம் கொஞ்சமா தண்ணி ஏறணும்ல? எரிஞ்சவரைக்கும் தண்ணி அசையலை. அணைஞ்ச பிறகுதான் ஏறுச்சு. முதல்ல கவுக்கும்போது டம்ளர் அடியில ரெண்டு மூணு குமிழிகூட வெளிய வந்துச்சு."

"யார் சொன்னாங்க உங்களுக்கு?"

"யாரும் சொல்லலை. பார்த்தேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. "ரெண்டாவது புத்தகத்துலயும் இதேதான் இருக்கு. அப்போ நீங்கதானே செஞ்சீங்க? அப்போ பார்க்கலையா?"

"அப்போ கையில தாள் இருந்துச்சு. நீ எழுதினதையே பார்த்துட்டு இருந்தேன். இப்போ பார்க்க எனக்கு வேற எதுவும் இல்லை."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் காதில் விழும் என்று உறைத்தது. மெழுகுவர்த்தியை மறுபடி ஏற்றி, டம்ளரை அவளே கவிழ்த்து, குனிந்து தட்டின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனாள். குமிழிகள் வந்தன. தீ மங்கி அணைந்தது. அதன் பிறகு தண்ணீர் ஏறியது.

அடுத்து மூன்று மெழுகுவர்த்திகளை ஒன்றாக நிறுத்தி, அதே டம்ளரைக் கவிழ்த்தாள். தண்ணீர் முன்னைவிட நன்றாகவே மேலே போனது.

"டம்ளர் அதேதான். உள்ள இருக்குற ஆக்சிஜனும் அதே அளவுதான். மூணு வத்தி வெச்சா எப்படிங்க அதிகமா ஏறும்?" என்றாள். என்னிடம்தான் கேட்டாள். பன்னிரண்டு வருடத்தில் பதிலுக்காக என்னிடம் அவள் கேட்ட முதல் கேள்வி.

"டம்ளர் கொதிக்குது, தொட்டுப் பாரு" என்று மட்டும் சொன்னேன்.

தொட்டாள். கையை எடுக்காமல் யோசித்தாள். "சூட்டுல காத்து விரிஞ்சு வெளிய போகுதோ? அதான் குமிழியா? அப்புறம் ஆறினதும் சுருங்கி..." பாதியில் நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். முகம் வாடிவிட்டது. "ரெண்டாவது புத்தகம் எத்தனை பள்ளிக்கூடத்துல இருக்கு தெரியுமா? அத்தனை குழந்தைங்களுக்கும் நான் தப்பாச் சொல்லிக் கொடுத்திருக்கேன்."

இதில் ஜெயிக்க வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. என் நாற்காலி திரும்பக் கிடைத்தால் போதும் என்றுதான் இத்தனை நாள் ஃபிரிட்ஜோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அவள் கண் கலங்கியதும் அந்த ஆசைகூட அற்பமாகத் தெரிந்தது. "மறுபதிப்புல மாத்திடலாம்" என்றேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, மனதாரச் சொன்னேன்.

மைத்துனன் எட்டிப் பார்த்து, "முடிஞ்சுதா அக்கா? நான் கிளம்பட்டுமா?" என்றான்.

"கிளம்புடா" என்றாள், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவன் போனதும் அச்சகத்துக்காரருக்குப் போன் போட்டாள். முப்பத்துநான்காம் பக்கம் நாளைக்கு வராது என்றாள். அந்தப் பக்கம் அவர் தலையில் அடித்துக்கொள்வது எனக்கே கேட்டது. அப்போ எப்போதான் வரும் என்று கேட்டிருப்பார்.

"தெரியலை சார்" என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. "இன்னும் பார்த்துட்டு இருக்கோம். நானும் எங்க வீட்டுக்காரரும்."

போனை வைத்துவிட்டு, தீப்பெட்டியை என் பக்கம் தள்ளினாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இந்த முறை இரண்டு பேருமே முழித்துக்கொண்டிருந்தோம்.