புதன்கிழமை அக்காவின் முதல் விருப்பம்

தெருவில் அவளுக்குப் புதன்கிழமை அக்கா என்று பெயர். யார் துணி தைக்கக் கொடுத்தாலும் அவள் சொல்லும் நாள் புதன். துணி கைக்கு வருவது வெள்ளி. கொடுப்பவர்களுக்கும் இது தெரியும். வெள்ளிக்கு வேண்டியதைப் புதனுக்கே கேட்பார்கள். இரு தரப்பும் கூசாமல் பொய் சொன்னதில் தொழில் ஒழுங்காக ஓடியது.

அந்த ஆண்டு உயர்நிலைப் பள்ளியில் இடம் ஒதுக்கும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் விட்டுவிட்டார்கள். மூன்று பள்ளிகளை விருப்ப வரிசைப்படி பதிய வேண்டும். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: கடையின் பின்சந்தில் இருக்கும் பள்ளி. மகளுக்கு மூச்சிரைப்பு. வந்தால் கூப்பிடு தூரத்தில் அம்மா இருக்க வேண்டும்.

"முதல்ல போட்டது யாருக்குக் கிடைக்குது? கண்துடைப்பு," என்றார் பக்கத்து பேக்கரிக்காரர்.

பேன்ட்டுக்கு அளவு கொடுக்க வந்த பஸ் டிரைவர், "எல்லாம் குலுக்கல்தான்க்கா. மெஷினுக்கு ஏது மூளை?" என்றார்.

"மூளை இல்லாததாலதான் நியாயமா இருக்கும்," என்றார் பேக்கரிக்காரர், தான் சொன்னதையே மறந்து.

அவளுக்குத் தலை சுற்றியது. கடைசியில் தனக்குத் தெரிந்த வழியில் யோசித்தாள். கேட்டது கிடைக்காது, கொஞ்சம் தள்ளித்தான் கிடைக்கும். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய பள்ளியை முதலில் போட்டாள். வேண்டியதை மூன்றாவதாகப் போட்டாள்.

"அம்மா, தலைகீழா இருக்கே," என்றாள் மகள்.

"உனக்கு வியாபாரம் தெரியாது. சும்மா இரு."

முடிவு போனில் வந்தது. முதல் விருப்பமே கிடைத்திருந்தது. கூடவே வாழ்த்தும்.

"அதிர்ஷ்டக்காரி! எங்க அக்கா மகனுக்கு மூணாவதுதான்," என்று பேக்கரிக்காரர் ஒரு கேக்கை நீட்டினார். அவள் வாங்கி, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் மகளோடு கல்வி அலுவலகம் போனாள்.

"கேட்டது கிடைக்கலையா?" என்றார் குமாஸ்தா.

"கிடைச்சுடுச்சு சார்."

"அப்புறம் என்ன புகார்?"

"அதான் சார் புகார்."

அவர் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "வேணாம்னா ஏம்மா முதல்ல போட்டீங்க?"

"கொடுக்க மாட்டீங்கன்னு நம்பித்தான் சார்."

அவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். இருவரும் திரையைப் பார்த்தார்கள். இரண்டாவது கிடைத்தவர்கள் புகார் செய்ய இடமிருந்தது. மூன்றாவது கிடைத்தவர்களுக்கும் இருந்தது. முதலாவது கிடைத்து அழுகிறவர்களுக்கு ஒன்றுமில்லை. மகளின் மூச்சிரைப்பைச் சொன்னாள். உடல்நலக் காரணம் என்று ஒரு வழி இருந்தது.

"சரி, எந்தப் பள்ளி வேணும்?"

பதில் வாய் வரை வந்து நின்றது. வேண்டியதைச் சொன்னால் மெஷின் கொடுக்குமா? சொல்லாவிட்டால் கொடுக்குமா? எது கெடுக்கும் என்று பிடிபடவில்லை.

"பின்சந்து ஸ்கூல் சார்," என்றாள் மகள்.

குமாஸ்தா தட்டினார்.

"எப்ப தெரியும் சார்?"

"புதன்கிழமை."

அவள் குமாஸ்தாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "புதன்னா, புதனா சார்?"

"புதன்னா புதன்தாம்மா!"

அவள் மகளைப் பார்த்தாள். மகள் உதட்டைப் பிதுக்கினாள்.