தொட்டியின் வலது கோடி

1

இந்தக் கதை ஒரு மீன்தொட்டியிலிருந்து கிடைத்தது. தொட்டி யார் வீட்டில் இருக்கிறது என்று சொல்வதாக இல்லை. எங்கள் குடும்பத்தில் வீட்டு விஷயம் வாசற்படி தாண்டியதில்லை. எழுபத்தாறு வயதில் நான் அதைத் தாண்ட வைக்கப் போவதுமில்லை. அதனால் பட்டாபிராமன் என்று ஒருவரை ஏற்படுத்திக்கொண்டேன். ரயில்வே சிக்னல் பிரிவில் ஓய்வு பெற்றவர். அஸ்தினாபுரத்தில் தனி வீடு. மனைவி காமு காலமாகி மூன்று வருஷம். ஒரு மகள். (மகளுக்குப் பெயர் வேண்டாம். கதைக்கு அது அவசியப்படவில்லை.)

முதல் வாக்கியம் இப்படி இருந்தது: "பட்டாபிராமன் தனிமையில் வாடினார்." அடித்துவிட்டேன். அவர் வாடுகிற ஆள் இல்லை.

இரண்டாவது: "மகள் போன பிறகு அந்த வீட்டில் பேசுவதற்கு" — இதை முடிக்க முடியவில்லை.

மூன்றாவது நிற்கும் என்று நினைக்கிறேன்: பட்டாபிராமன் தினமும் காலை ஏழு மணிக்கு நெய்க்கரண்டியால் மீன்களுக்குத் தீனி போட்டார்.

2

தொட்டியை வைத்தது மகள். கூட்டமாக வாழும் மீன்கள் ஒன்றிடமிருந்து ஒன்று என்ன கற்றுக்கொள்கின்றன என்பது அவளுடைய ஆராய்ச்சி. நாலடி நீளத் தொட்டியின் நடுவே, நீளவாக்கில், கறுப்புத் தடுப்பு ஒன்று. பின்பக்கம் இடது கோடியில் செடிப்புதர், மீன்களின் இருப்பிடம். முன்பக்கம் இடது கோடியில், புதருக்கு நேர் எதிரே, தீனி வளையம். தடுப்பில் இரண்டு ஓட்டைகள். இடது ஓட்டையில் நுழைந்தால் தீனி எதிரிலேயே இருக்கும். வலது ஓட்டை மறுகோடியில் இருந்தது. அதில் நுழைந்தால் முழுத் தொட்டியையும் போய்ச் சுற்றி வர வேண்டும்.

முதலில் விட்ட ஐந்து கப்பி மீன்களுக்கு இடது ஓட்டையைக் கண்ணாடித் துண்டால் அடைத்து, சுற்றுவழியைப் பழக்கினாள். பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டாள். அப்புறமும் அவை சுற்றித்தான் போயின. புதிய மீனை விட்டால் அதுவும் கூட்டத்தோடு சேர்ந்து சுற்றியது.

"தனியா விட்டா ரெண்டே நாள்ல குறுக்கு வழியைக் கண்டுபிடிச்சுடும்பா. கூட்டத்தோட இருந்தா கண்டுபிடிக்காது. வழி தெரியாம இல்லை. தனியாப் போகப் பயம்" என்றாள்.

இது எட்டு வருஷத்துக்கு முன்பு. அடுத்த மாதம் தேவானந்தம் என்பவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். வேறு சாதி. பட்டாபிராமன் தொட்டியருகே நின்றபடி, "இந்தாத்துல இனிமே அவ பேர் காதுல விழப்படாது" என்றார். ஒரே தடவைதான் சொன்னார். இரண்டாம் தடவை சொல்ல அவசியம் வரவில்லை.

[இங்கே அவருடைய கோபத்துக்கு நியாயம் கற்பித்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. அதனாலேயே எடுத்துவிட்டேன்.]

3

கப்பி இரண்டு வருஷத்துக்கு மேல் இருப்பதில்லை. பழசு இருக்கும்போதே பட்டாபிராமன் புதிதாக இரண்டு வாங்கி விடுவார். மீன் கடை ஞானையாவுக்கு இது புரிந்ததே இல்லை.

"இன்னா சார், எப்பப் பாரு ரெண்டு ரெண்டா வாங்கினு போறே? டஜனா எட்த்துக்கோ, கொறச்சுத் தர்றேன்."

"பழசு இருக்கறச்சேதான் புதுசை விடணும்."

"ஏன் சார், உள்ளாற ராக்கிங் கீக்கிங் நடக்குதா?"

பட்டாபிராமன் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும், இதை வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம் நடந்தார்.

கண்ணாடியில் முட்டிக்கொண்ட அந்த முதல் ஐந்தில் ஒன்றுகூட இன்று இல்லை. இப்போது இருப்பவை ஏழு. ஏழும் சுற்றித்தான் போகின்றன.

வீட்டு மனிதர்களும் அப்படித்தான். மகளின் பெயரைக் காமு கடைசிவரை அவர் எதிரில் சொல்லவில்லை. காமு போன அன்று மகளுக்கு யாராவது தகவல் சொல்லியிருப்பார்கள் என்று அவர் இருந்தார். அவர் சொல்லச் சொல்லவில்லையே என்று மற்றவர்கள் இருந்தார்கள். காமுவை எடுக்கும்வரை அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது யாருக்கும்

(இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும்.)

4

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி சத்யநாராயணனின் மகன் அனிருத் கல்யாணப் பத்திரிகையோடு வந்தான். கூடவே மணப்பெண் ஜீவிதா. படப்பையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் சிட்டிபாபுவின் மகள். அவளும் வேறு சாதிதான். குடும்பத்தில் யாரும் குரலை உயர்த்தவில்லை. பட்டாபிராமனும் உயர்த்தவில்லை. எட்டு வருஷத்தில் எல்லாருக்கும் வயதாகிவிட்டது.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மஞ்சள் தடவிய முதல் பத்திரிகையோடு அழைப்புப் பட்டியலையும் மூத்தவரிடம் கொடுப்பார்கள். அவர் படித்து, விட்டுப்போன பெயர்களைச் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் மற்றவர்களுக்குப் பத்திரிகை போகும்.

"ஒரு தடவை நன்னாப் பாத்துடுங்கோ பெரியப்பா. யாராவது விட்டுப்போச்சுன்னா சண்டைக்கு வந்துடுவா" என்றான் அனிருத்.

பட்டாபிராமன் ஒரு மாதத்துக்கு முன்பே தீர்மானித்திருந்தார். பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடுவது. இல்லாவிட்டால், யாராவது லேசாகக் கேட்டாலும் "போடு" என்பது. ஒரு வார்த்தைதான்.

ஆறு பக்கம் படித்தார். இல்லை. மறுபடியும் முதலிலிருந்து படித்தார். அனிருத் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியப்பாவின் மனம் நோகக்கூடாது என்று அவ்வளவு கவனமாக ஒதுங்கியிருந்தான்.

ஜீவிதா தொட்டியருகே போனாள். "சூப்பரா இருக்கு பெரியப்பா. யாரு செஞ்சது இந்த—" என்று ஆரம்பித்தவள், அனிருத்தின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "சாரி" என்றாள்.

"எதுக்கு சாரி?"

"இல்ல, ஒண்ணுமில்ல."

இன்னும் மருமகளாக வீட்டுக்குள் வரவே இல்லை. அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டாள்.

சங்கடத்தை மறைக்க அவர் எழுந்துபோய் மீன்களுக்குத் தீனி போட்டார். வலது கோடியில் நின்று கண்ணாடியில் இரண்டு தட்டு தட்டினார். நீளக் காம்பு நெய்க்கரண்டியை எட்ட நீட்டி இடது கோடி வளையத்தில் தீனியைக் கொட்டினார். ஏழும் வலது ஓட்டை வழியாக வந்து, நீளமாகத் திரும்பிப் போயின.

"பாத்தியா? பக்கத்துலயே வழி இருக்கு. இருந்தும் சுத்தித்தான் போறது. பழக்கம்" என்றார்.

ஜீவிதா கொஞ்ச நேரம் பார்த்தாள். "பெரியப்பா, தப்பா நினைக்காதீங்க. நீங்க இங்க நின்னு தட்டறீங்க. அதனாலதானே இங்க வருது? எதுக்கு இவ்ளோ எட்டி எட்டிப் போடறீங்க? அந்தப் பக்கம் போய் நின்னா என்ன?"

அந்தப் பக்கம் நின்றால் முதுகு ஓர் அறைக் கதவில் இடிக்கும். பூட்டிய அறை. எட்டு வருஷமாக அவர் அங்கே நின்றதில்லை.

பட்டியலில் ஒருவருடைய இனிஷியல் தப்பாக இருந்தது. அதை மட்டும் திருத்தித் திருப்பிக் கொடுத்தார்.

"அவ்வளவுதானா பெரியப்பா?"

"அவ்வளவுதான்."

5

முடிவுகள்.

ஒன்று: அன்று மாலையே மகள் போன் செய்கிறாள். இல்லை. அவள் அவருடைய மகள். அவருக்கு இருக்கும் வீம்பு அவளுக்கும் உண்டு.

இரண்டு: பட்டாபிராமன் தூக்கத்தில் இறந்துபோகிறார், தலையணைக்கடியில் மகள் பெயர் எழுதிய பத்திரிகை. முடிவு தெரியாத எழுத்தாளன் கிழவனைக் கொல்வான். அந்த வேலையை நான் செய்வதில்லை.

மூன்று: மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் இடது பக்கம் போய் நின்றார். கதவின் தாழ்ப்பாள் முதுகில் குத்தியது. கண்ணாடியில் தட்டினார். மீன்கள் குழம்பின. ஆறு மீன்கள் வழக்கம்போல வலது கோடிக்கு ஓடின. ஒன்று மட்டும் இடது ஓட்டையிலிருந்து தலையை நீட்டியது. வெளியே வந்தது. தீனியைக்கூடத் தொடாமல் பயந்து, கூட்டத்தோடு சேர ஓடிவிட்டது. நான் கரண்டியை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தார் என்று இருக்க வேண்டும். திருத்தப் போவதில்லை.

6

அனிருத் என் சிநேகிதர்களுக்கு என்று ஐந்து பத்திரிகை விட்டுப்போனான். அவற்றில் ஒன்று உறைக்குள் இருக்கிறது. மேலே பெயர் எழுதியாகிவிட்டது. விலாசம்தான் தெரியாது. தெரிந்தவர்கள் குடும்பத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டுமானால் பெயரைச் சொல்ல வேண்டும். இரண்டு தடவை தம்பிக்குப் போன் செய்தேன். இரண்டு தடவையும் மண்டபத்துச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன்.

வாயால் வரவில்லை. ஆனால் இந்தக் கதை வரும் பத்திரிகையை எங்கள் குடும்பத்தில் நாலு பேராவது வாங்குகிறார்கள். கதையில் ஒரு பாத்திரத்துக்குப் பெயர் வேண்டாம் என்று ஆரம்பத்தில் சொன்னேன். அது அவசியப்படுகிறது.

நித்யஸ்ரீ.

முடிவை நான் எழுதவில்லை. படிக்கிறவர்களில் யாராவது ஒருவர் இந்தப் பெயரை இன்னொருவரிடம் உரக்கச் சொன்னால் போதும். எங்கள் மனிதர்களை எனக்குத் தெரியும். முதலில் ஒருவர் போக வேண்டும், அவ்வளவுதான்.

நான் இடது பக்கம் நிற்கிறேன்.