எட்டுச் சோதனைத் தாள்கள்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னது ஒரு பிரிண்டர். பென்ஷன் வாங்குகிறவனிடம் பிரிண்டரும் பேசும், நம்புங்கள். முதலில் இப்படித் தொடங்கினேன்:

'பாலக்காட்டுக்குக் கிழக்கே, நெல்லியாம்பதி மலையே இரண்டடி நகர்ந்துபோகும்படி இடி இடித்த ஒரு மாலையில், சைனுதீன்...'

வேண்டாம். மிகைப்படுத்தக் கூடாது. மலை ஒன்றரை அடிதான் நகர்ந்தது.

சைனுதீன் மஹல்லு என்கிற பள்ளிவாசல் ஜமாத்தின் கமிட்டிச் செயலாளர். பள்ளிவாசலின் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் அவர் வீட்டு முன்னறையில்தான் இருக்கின்றன. இடி கேட்டால் வீட்டிலுள்ள வயர்களையெல்லாம் பிடுங்கிப்போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். அன்றும் பிடுங்கினார். அதற்குச் சற்று முன்தான் கம்ப்யூட்டர் புதிய பதிப்புக்கு மாறி முடித்திருந்தது. காலையில் எல்லாவற்றையும் திரும்பச் செருகினார். பிரிண்டர் பேச்சை நிறுத்திவிட்டது.

2

அச்சாக வேண்டியது ஒரே ஒரு தாள். மகள் ரஸியாவுக்கு ஞாயிறன்று ஏலக்காய் மலைமேல் இருக்கும் சாந்தன்பாறையில் நிக்காஹ். 'எங்களுக்குச் சம்மதம்' என்று பெண்ணின் மஹல்லு தரும் கத்து, அதாவது கடிதம், போய்ச் சேராமல் அங்கே நிக்காஹ் நடக்காது. அதை வாங்கிப்போக மாப்பிள்ளையின் தாய்மாமன் நஜீம் வந்து உட்கார்ந்திருந்தார். பதினொரு மணிக்கு அவருக்கு பஸ்.

[கையால் எழுதினால் என்ன? கையெழுத்துக் கத்து செல்லாது என்று தீர்மானம் கொண்டுவந்தவரே சைனுதீன். வெளிக்கடையில் அச்சிட்டால்? கூடாது என்பது அவருடைய இரண்டாவது தீர்மானம்.]

"என்ன சம்மந்தி, எங்க ஊர்ல பச்சை ஏலக்காயே இந்நேரம் காஞ்சிருக்கும். உங்க தாள் ஒண்ணு வர மாட்டேங்குதே?"

"வருமுங்க. நீங்க டீ குடிங்க."

"இது நாலாவது."

சைனுதீன் கத்தை அனுப்பினார். 'ஆஃப்லைன்' என்றது திரை. அணைத்துப் போட்டார். ஓதி ஊதினார் (இது என் கைச்சரக்கு). சோதித்துப் பார்க்க எதையாவது தட்டி அனுப்புவோம் என்று நினைத்தார். நீங்களும் நானும் 'அ ஆ இ ஈ' என்று தட்டுவோம். அவர் தட்டியது:

சாப்பிட்டியா ரஸியா

வரவில்லை. வராது என்று தெரிந்ததும் தைரியம் வந்துவிட்டது.

அங்க குளிரும், கம்பளி எடுத்துக்க

வரவில்லை.

ஏழாங்கிளாஸ்ல மார்க் கம்மின்னு உன்னை அடிச்சேன், அது என் தப்பு

இப்படி எட்டு. எட்டாவதை மட்டும் என்னிடமிருந்து மறைத்துக்கொண்டு தட்டினார். நான்தான் அவரைப் படைத்தவன், இருந்தும் முதுகைக் காட்டினார்.

3

"நகருங்க, அத்தா." ரஸியா வந்து உட்கார்ந்தாள். திரையில் ஒரே பெயரில் இரண்டு பிரிண்டர்கள் நின்றன.

"வயரை வேற துளையில குத்தியிருக்கீங்க. இது புதுப் பிரிண்டர்னு கம்ப்யூட்டர் நெனச்சுக்கிச்சு. நீங்க அனுப்பினதெல்லாம் பழைய பேருக்குப் போயி வரிசையில நிக்குது."

"எல்லாமா?"

"எல்லாந்தான். ஒண்ணும் காணாமப் போகாது." வயரைக் கையில் எடுத்தவள் கேட்டாள்: "நான் போனப்பறம் இதையெல்லாம் யாரு பாப்பாங்க?"

"இடி இடிச்சா போன் பண்றேன்."

"இடிக்காட்டியும் பண்ணுங்க."

4

இங்கே எனக்குச் சைனுதீன்மேல் சந்தேகம். பழைய துளைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு இருக்கிறது. துளை மாறிவிடக் கூடாதென்று அவரே ஒட்டியது. ஆறு வருடம், ஆயிரம் இடி (சரி, நாற்பது), ஒருமுறையும் மாறியதில்லை.

'அவர் பொட்டைக் கவனிக்கவில்லை' என்று எழுதினேன். அடித்தேன். 'கவனித்தார்' என்று எழுதினேன். அதையும் அடித்தேன். மகளை அனுப்பிவைக்கும் தாளை அச்சிட வேண்டிய கை, அன்று காலை மட்டும்...

முடிக்க வரவில்லை. இருக்கட்டும்.

5

ரஸியா வயரை மாற்றினாள். பிரிண்டர் உறுமியது. முதலில் கத்து வந்தது. கையெழுத்து, முத்திரை. நஜீம் பறித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

பிரிண்டர் நிற்கவில்லை.

"போதும், அணைச்சிரு," என்றார் சைனுதீன். அதற்குள் எட்டுத் தாள்களும் தட்டில் குப்புற விழுந்துவிட்டன.

முடிவு ஒன்று: 'வெறும் சோதனைத் தாள்' என்று சொல்லி வாரிச் சுருட்டிக்கொள்கிறார். முடிவு இரண்டு: ரஸியா படிக்கிறாள், மடித்துக் கம்பளிக்குள் வைக்கிறாள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இரண்டாவதில் மூக்குக்கண்ணாடி நனைந்தது, அடுத்த வரி தெரியவில்லை.

இப்போது தாள்களின் மேல் இரண்டு கைகள் இருக்கின்றன, ஒன்று அவருடையது, ஒன்று அவளுடையது. யாரும் இழுக்கவில்லை. நீங்கள்தான் திருப்ப வேண்டும், எட்டாவதையும் சேர்த்து. மெதுவாகத் திருப்புங்கள். இன்னும் சூடாக இருக்கின்றன.